திருத்துவதா, புதியது வாங்குவதா? சார்ஜ் ஏறாத ஒரு லெப்டொப்பின் பின்னால் உள்ள சரித்திரம்

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

லெப்டொப் சார்ஜ் ஏறவில்லை என்றதும் நாம் எல்லோரும் கேட்பது, "திருத்த எவ்வளவு ஆகும்?" என்றுதான். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: எந்த இடத்தில் நின்றுவிட்டது?

கண்டியிலிருந்து மாத்தளைக்கு 1880ஆம் ஆண்டு முதல் ரயில் ஓடுகிறது. ஒருநாள் ரயில் வந்து சேரவில்லை என்றால் மாத்தளை ஸ்டேஷனை இடித்துக் கட்டுவோமா? கட்டுகஸ்தோட்டையைத் தாண்டியதா, வத்தேகமையில் நிற்கிறதா, உக்குவளைக்கு வந்ததா என்றுதானே விசாரிப்போம். லெப்டொப்பும் அப்படித்தான். சுவரிலுள்ள பிளக் பொயின்ட், சார்ஜர், லெப்டொப்பின் பக்கத்திலுள்ள துளை, உள்ளே மதர்போர்ட்டில் இருக்கும் சார்ஜ் சுற்று, கடைசியாகப் பெட்டரி. மின்சாரம் இந்த ஐந்து தரிப்பிடங்களையும் கடந்தாக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை இருக்கிறது, ஓர் ஆயுள் இருக்கிறது, ஒரு சரித்திரமும் இருக்கிறது. அந்தச் சரித்திரம் தெரிந்தால் முடிவெடுப்பது இலேசு என்பதால்தான் இந்தப் பதிவு.

முதலில் நம் ஊரிலிருந்து தொடங்குவோம்.

மாத்தளை மாவட்டத்துக்கும் மின்சாரத்துக்கும் உள்ள தொடர்பு சிறியதல்ல. பொல்கொல்லையில் மகாவலியை மறித்து, மலையைக் குடைந்து ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளச் சுரங்கம் வழியாகத் தண்ணீரை உக்குவளைக்குக் கொண்டுவந்தார்கள். 1976இல் உக்குவளை மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. அங்கே மின்சாரம் தந்த தண்ணீர் சுது கங்கையில் விழுந்து, அம்பன் கங்கையோடு சேர்ந்து போவதென்ன நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. 1981 முதல் அங்கேயும் ஒரு மின்நிலையம். 2018இல் திறக்கப்பட்ட மொறகஹகந்தையும் இதே ஆற்றில்தான். ஒரே தண்ணீர், அடுத்தடுத்து வேலை செய்துகொண்டே கீழே இறங்குகிறது.

ஆனால் மின்சாரம் பிறக்கும் மாவட்டம் என்பதற்காக எல்லா வீட்டிலும் மின்சாரம் இருந்துவிடவில்லை. 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியபோது இலங்கையின் பெரும்பாலான வீடுகளில் மின்சாரம் கிடையாது. இருந்தாலும் டீவி கிராமத்துக்குள் வந்துவிட்டது. எப்படி? கார் பெட்டரியில். 12 வோல்ட்டில் ஓடும் சின்னக் கறுப்பு வெள்ளை டீவி, அதற்கு ஒரு பெட்டரி. சில நாட்களில் படம் சுருங்கத் தொடங்கும். பெட்டரி இறங்கிவிட்டது என்று அர்த்தம். சைக்கிள் கரியரில் கட்டி, கரண்ட் உள்ள ஊரின் சார்ஜ் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். மறுநாள் போய் எடுத்து வர வேண்டும். இன்று நாற்பதைத் தாண்டிய பலருக்கு இது வாப்பாவோடு போய் வந்த நினைவாகவே இருக்கும்.

அந்தச் சார்ஜ் கடைக்காரரின் வேலையைக் கொஞ்சம் கவனியுங்கள். பிரான்ஸைச் சேர்ந்த காஸ்டன் பிளாந்தே 1859இல் கண்டுபிடித்த ஈய அமில பெட்டரிதான் அவர் கையில் இருந்தது. அதில் ஆறு அறைகள், அறைக்கு ஏறத்தாழ 2 வோல்ட், மொத்தம் 12. ஒவ்வொரு அறைக்கும் தனி மூடி. பெட்டரி சார்ஜ் நிற்கவில்லை என்று சொன்னால் அவர் ஆறு மூடியையும் திறப்பார். ஹைட்ரோமீற்றரை விட்டு ஒவ்வொரு அறையின் அமிலத்தையும் பார்ப்பார். "மற்ற ஐந்தும் நல்லம், இந்த ஒன்றுதான் செத்திருக்கு" என்று விரலை வைத்துக் காட்டுவார். தண்ணீர் குறைந்திருந்தால் வடித்த நீர் ஊற்றுவார். பழைய வகைப் பெட்டரி என்றால் மேலேயுள்ள தாரை உருக்கி, கெட்ட தகடுகளை எடுத்துவிட்டு வேறு தகடுகள் போடுபவர்களும் இருந்தார்கள்.

அதாவது அந்தப் பெட்டரி திறக்கக்கூடிய ஒரு பொருள். உள்ளே என்ன நடக்கிறது என்று சாதாரண ஆளுக்குக் காட்டக்கூடிய பொருள். திருத்துவதா, புதியது வாங்குவதா என்ற முடிவு உடைமைக்காரருக்கும் கடைக்காரருக்கும் இடையில் அந்த மேசையிலேயே எடுக்கப்பட்டது.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்த காலம். கடையில் புதிய பொருள் இல்லை. ரேடியோவானாலும் மணிக்கூடானாலும் திருத்தித்தான் ஆக வேண்டும். 1977க்குப் பின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. சாமான்கள் வந்து குவிந்தன. அதன் பிறகு வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு, பழுதானது என்றால் "வேறொன்று வாங்கு" என்பதே முதலில் வாயில் வந்தது.

இனி லெப்டொப்புக்கு வருவோம்.

1981இல் வந்த ஒஸ்போர்ன் 1 என்ற கணினியைத் 'தூக்கிச் செல்லக்கூடியது' என்று விற்றார்கள். நிறை ஏறத்தாழ 11 கிலோ. அரிசி மூடையைத் தூக்கிப் பழகியவருக்குத்தான் சரி. உள்ளே பெட்டரியும் கிடையாது. போகும் இடத்தில் பிளக் பொயின்ட் வேண்டும். 1982இல் சந்தைக்கு வந்த எப்சன் எச்எக்ஸ்-20 ஒரு கொப்பியின் அளவுதான். அதில் நிக்கல் கட்மியம் பெட்டரி இருந்தது. 1985இல் தோஷிபா டி1100 வந்தது. மடியில் வைத்து வேலை செய்யும் கணினி என்பது அதற்குப் பிறகுதான் பலருடைய பழக்கமானது.

நிக்கல் கட்மியம் பெட்டரிக்கு ஒரு குணம் சொல்லப்பட்டது. பாதியிலேயே திரும்பத் திரும்பச் சார்ஜ் போட்டால், அந்தப் பாதியையே தன் எல்லை என்று 'நினைவில்' வைத்துக்கொள்ளும். அதனால்தான் "முழுசா இறங்க விட்டுச் சார்ஜ் போடு" என்ற அறிவுரை பிறந்தது. இந்த அறிவுரை இன்றும் நம் வீடுகளில் உயிரோடு இருக்கிறது. ஆனால் அது சொல்லப்பட்ட பெட்டரி போய் நெடுங்காலம். இன்றைய லித்தியம் அயன் பெட்டரியை அடிக்கடி பூச்சியத்துக்கு இறக்கினால் அதன் ஆயுள்தான் குறையும். சரித்திரம் தெரியாவிட்டால் இப்படித்தான், செத்துப்போன ஒரு பெட்டரிக்கான மருந்தை உயிருள்ள பெட்டரிக்குக் கொடுத்துக்கொண்டிருப்போம்.

லித்தியம் அயன் மூன்று கைகள் மாறி வந்தது. 1970களில் ஸ்டான்லி விட்டிங்ஹாம், 1980இல் ஜோன் குட்இனஃப், 1985இல் ஜப்பானின் அகிரா யோஷினோ. 1991இல் சோனி நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூவருக்கும் 2019இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. இந்தப் பெட்டரியின் ஒரு முனையில் காரீயம், அதாவது கிராஃபைட் இருக்கிறது. நம் பக்கத்து மாவட்டமான குருநாகலின் கஹட்டகஹவில் நிலத்துக்கடியிலிருந்து எடுக்கும் அதே காரீயம். முதலாம் உலகப் போர்க் காலத்தில் உலோகம் உருக்கும் மூசைகளுக்காக இந்த நாட்டிலிருந்து கப்பல் கப்பலாகப் போன பொருள், இன்று உலகம் முழுவதும் பெட்டரிக்காகத் தேடப்படுகிறது. மறுமுனைக்கு வேண்டிய கோபால்ட்டின் பெரும்பகுதி கொங்கோவிலிருந்து வருகிறது. அங்கே சிறுவர்களும் சுரங்கத்தில் வேலை செய்வது உலகம் அறிந்த விஷயம். ஒரு பெட்டரியை இரண்டு வருடம் கூடுதலாகப் பாவிப்பதற்கு நம் பணப்பையைத் தாண்டியும் காரணம் உண்டு.

லித்தியத்தில் வலு அதிகம், ஆபத்தும் அதிகம். 2006இல் சோனி தயாரித்த கலங்களுக்குள் நுண்ணிய உலோகத் துகள்கள் இருந்து தீப்பிடிக்கும் நிலை வந்ததால், டெல் நிறுவனம் 41 இலட்சம் லெப்டொப் பெட்டரிகளைத் திருப்பி அழைத்தது. இப்படிப்பட்ட ஆபத்துக்காகவே ஒவ்வொரு லெப்டொப் பெட்டரிக்குள்ளும் காவலாளியைப் போல ஒரு சின்னச் சுற்று இருக்கிறது. சூடு கூடினால் மறிக்கும். வோல்ட் அளவுக்கு மீறி இறங்கிவிட்டால், பிறகு சார்ஜ் ஏற்ற விடாமலே பூட்டிக்கொள்ளும். நீண்ட விடுமுறையில் அலுமாரிக்குள் கிடந்த லெப்டொப், பாடசாலை தொடங்கும் நாளில் உயிர் வராமல் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்போதும்கூடப் பெட்டரியைக் கழற்றுவது நம் கையில் இருந்தது. லெப்டொப்பைக் கவிழ்த்து இரண்டு கொழுக்கியைத் தள்ளினால் பெட்டரி கையோடு வரும். 2008இல் அப்பிள் வெளியிட்ட மெக்புக் எயாரில் அந்தக் கொழுக்கி இல்லை. மெல்லிய உடலுக்குள் பெட்டரி அடைக்கப்பட்டிருந்தது. மெலிவு அழகாக இருந்தது, மற்ற நிறுவனங்களும் பின்னால் போயின. மூடி திறக்கும் உரிமை அப்படித்தான் சத்தமில்லாமல் கைமாறியது.

சார்ஜரின் கதையும் இதே மாதிரி. நம் சுவரிலுள்ள 230 வோல்ட்டை ஏறத்தாழ 19 வோல்ட்டாக இறக்கிக் கொடுப்பது அதன் வேலை. ஆனால் நுனியிலுள்ள பின்னின் தடிப்பை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வைத்தது. டெல்லின் பல லெப்டொப்களில் பின்னின் நடுவே மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். 'நான் இன்ன சார்ஜர்' என்று அது லெப்டொப்புக்குச் சொல்ல வேண்டும். அந்த ஊசி வளைந்துவிட்டால் லெப்டொப் ஓடும், பெட்டரிக்கு மட்டும் சார்ஜ் ஏறாது. பெட்டரி செத்துவிட்டது என்று நினைப்போம். ஆனால் செத்தது ஓர் ஊசி.

2014இல் யூஎஸ்பி-சி வந்த பிறகுதான் இந்தக் குழப்பம் குறையத் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் கையடக்கத் தொலைபேசிகளுக்கும், 2026 ஏப்ரல் 28 முதல் லெப்டொப்களுக்கும் இந்த ஒரே வகைச் சார்ஜ் துளையைக் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்றியது. 2027 பெப்ரவரி 18 முதல் சிறிய சாதனங்களின் பெட்டரியைப் பாவனையாளரே கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்றும் அங்கே சட்டம் இருக்கிறது. 2008இல் போன கொழுக்கி, சட்டத்தின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருகிறது.

இந்த உலகக் கதை நம் வீட்டு வாசலுக்கு வந்தது 2020இல். மார்ச் மாதம் பாடசாலைகள் மூடப்பட்டன. வட்ஸ்அப்பிலும் சூமிலும் பாடம். ஒரு வீட்டில் ஒரு போன், மூன்று பிள்ளைகள். முடிந்தவர்கள் கடன்பட்டாவது லெப்டொப் வாங்கினார்கள். 2022 மார்ச்சில் ரூபா விடுவிக்கப்பட்டது. 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில வாரங்களில் 350 ரூபாவைத் தாண்டியது. அதே மார்ச்சில் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் தள்ளிப்போயின. மாதக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டு. கரண்ட் இருக்கும் நேரத்துக்குள் சார்ஜ் போட்டு, இல்லாத நேரத்தில் வேலை செய்த அந்த நாட்களில், கார் பெட்டரியைச் சைக்கிளில் கட்டிய காலம் எங்களுக்கு அவ்வளவு தூரமாகத் தெரியவில்லை. அன்று வாங்கிய லெப்டொப்கள்தான் இன்று ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டிருக்கின்றன.

எங்கள் பாடசாலையிலும் அப்படி ஒன்று. பழைய மாணவர்கள் சேர்ந்து வாங்கித் தந்தது. வினாத்தாள்கள், புள்ளிப் பட்டியல்கள், வருடக்கணக்கான பாடக் குறிப்புகள் எல்லாம் அதில்தான். சார்ஜர் வயரை ஒரு பக்கமாகச் சரித்துப் பிடித்தால் சார்ஜ் ஏறும். கையை எடுத்தால் நின்றுவிடும். ஒரு கடையில் "மதர்போர்ட் போயிட்டு, புதுசு பாருங்க" என்றார்கள். ஆசிரியர் அறையில் இரண்டு கட்சி. பழையதில் பணத்தைக் கொட்டாமல் புதியதற்கு நிதி சேர்ப்போம் என்றது ஒரு கட்சி. பெற்றோரிடம் திரும்பவும் எப்படிப் போய்க் கேட்பது என்றது மற்றக் கட்சி. இரண்டு பேச்சிலும் நியாயம் இருந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கவே தவணை பார்க்கும் பெற்றோர் எங்களிடம் இருக்கிறார்கள்.

நாங்கள் சார்ஜ் கடைக்காரரின் முறையில் போனோம்: ஒவ்வொரு அறையாகத் திறந்து பார்ப்பது. அந்த ஒழுங்கை உங்களுக்கும் தருகிறோம்.

முதலில், உள்ளே இருப்பதைக் காப்பாற்றுங்கள். லெப்டொப் எரியும் நிமிடங்களில் கோப்புகளை ஒரு பென்ட்ரைவுக்கு மாற்றுங்கள். பிள்ளைகளின் புள்ளிகளும் பெற்றோரின் விபரங்களும் எங்களிடம் உள்ள அமானிதம். அதைக் கடை மேசையில் திறந்து வைத்துவிட்டு வரக்கூடாது.

இரண்டாவது, அது பழுதுதானா என்று பாருங்கள். 'இணைக்கப்பட்டுள்ளது, சார்ஜ் ஆகவில்லை' என்று காட்டி 60 அல்லது 80 வீதத்தில் நின்றால், பெட்டரியின் ஆயுளைக் காக்க நிறுவனம் வைத்த அமைப்பாக இருக்கலாம். அதை மாற்றிவிட்டால் முடிந்தது.

மூன்றாவது, வேறு பிளக் பொயின்ட். நம் வீடுகளில் வட்ட முள், சதுர முள் என்று அடப்டர் மேல் அடப்டர் போட்டு ஆடிக்கொண்டிருக்கும் பொயின்ட்கள்தானே அதிகம்.

நான்காவது, அதே வோல்ட், அதே அல்லது கூடிய வாட், அதே வகைப் பின் உள்ள வேறொரு நல்ல சார்ஜரை இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள். வாட் குறைந்தால் ஏறாது, அல்லது ஊர்ந்து ஊர்ந்து ஏறும். யூஎஸ்பி-சி என்றால் எல்லா வயரும் லெப்டொப்புக்குப் போதாது.

ஐந்தாவது, துளையில் பின் ஆடுகிறதா என்று பாருங்கள். எங்கள் லெப்டொப்பில் கண்டுபிடிக்கப்பட்டது இதுதான். இரண்டாவது கடையில் திறந்து பார்த்தவர், துளையின் ஈயம் விட்டிருப்பதைக் காட்டினார். துளையை மட்டும் மாற்றினார். புதிய லெப்டொப்பின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

ஆறாவது, மேலே உள்ளவை எல்லாம் சரியாக இருந்தால்தான் பெட்டரியைச் சந்தேகிக்க வேண்டும். பெட்டரி புதிதாக இருந்தபோது எவ்வளவு பிடித்தது, இன்று எவ்வளவு பிடிக்கிறது என்று விண்டோஸே ஓர் அறிக்கை தரும். பாதிக்கும் கீழே என்றால் பெட்டரி மாற்றும் காலம் வந்துவிட்டது. எங்களுடையது பாதிக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது. அடுத்த வருடம் பார்த்துக்கொள்வோம் என்று விட்டிருக்கிறோம்.

ஏழாவது, பெட்டரி ஊதியிருந்தால் இந்த ஒழுங்கு எதுவும் வேண்டாம். தட்டெழுத்துப் பலகை மேலெழும்பியிருந்தால், அடிமூடி விலகியிருந்தால், உடனே நிறுத்திச் சார்ஜரைக் கழற்றுங்கள். குத்தவோ அமுக்கவோ கூடாது. வீட்டில் திறக்கவும் கூடாது. தெரிந்தவரிடம் கொடுத்து அகற்றுங்கள். குப்பையில் போடாதீர்கள், எரிக்காதீர்கள். ஈய அமில பெட்டரியைத் திறந்தது போல இதைத் திறக்க முடியாது. திருத்துவது நல்ல குணம்தான். எங்கே கையை எடுக்க வேண்டும் என்று தெரிவதும் அதில் ஒரு பகுதி.

அப்படியானால் எப்போது புதியது வாங்கலாம்? பழுது உண்மையிலேயே மதர்போர்ட்டில் இருந்து, திருத்தும் செலவு அதே மாதிரி ஒரு பழைய லெப்டொப்பின் விலையில் பாதியைத் தாண்டினால் யோசியுங்கள். இன்னொரு கணக்கும் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14இல் நிறுத்திவிட்டது. 2018க்கு முந்திய பல லெப்டொப்களில் விண்டோஸ் 11ஐ முறைப்படி போட முடியாது. லினக்ஸ் போட்டால் தட்டெழுத, பாடம் காட்ட, இணையம் பார்க்கப் போதும். ஆனால் உங்கள் பிள்ளைக்கு வேண்டிய மென்பொருள் அதில் ஓடுமா என்று கேட்டுக்கொண்டு முடிவெடுங்கள்.

உலகம் 2022இல் மட்டும் 6 கோடியே 20 இலட்சம் தொன் மின்னணுக் கழிவைக் கொட்டியது என்று ஐக்கிய நாடுகளின் அறிக்கை சொல்கிறது. முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது அதில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. வீண்விரயம் கூடாது என்று சிறுவயதில் மத்ரஸாவில் படித்தபோது எங்கள் மனதில் வந்தது மீதச் சோறும் வுழூச் செய்யும் தண்ணீரும்தான். ஈயம் விட்ட ஒரு துளைக்காக முழு லெப்டொப்பையும் எறிவதும் அந்தப் பட்டியலில்தான் சேரும்.

"மதர்போர்ட் போயிட்டு" என்று யாராவது சொன்னால், கோபப்படாமல் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "எப்படித் தெரிந்தது, காட்டுங்கள்." தெரிந்தவர் காட்டுவார். அந்தக் காலத்தில் ஆறு மூடியையும் திறந்து, செத்த அறையைக் காட்டினார்களே, அதே மாதிரி.

கடைசியாக ஒரு வேண்டுகோள். றத்தோட்டை, கலேவெல, நாவுல, லக்கல, வில்கமுவ பக்கங்களில் அந்த நாளில் பெட்டரி சார்ஜ் கடை வைத்திருந்தவர்கள் இன்றும் இருக்கக்கூடும். உங்கள் ஊரில் யாராவது இருந்தால், பிள்ளைகளை அனுப்பிப் பேச வையுங்கள். ஒரு பெட்டரிக்கு எவ்வளவு எடுத்தார்கள், எவ்வளவு நேரம் வைத்தார்கள், எத்தனை ஊர்களிலிருந்து வந்தார்கள் என்று எழுதி வாங்குங்கள். பாடப் புத்தகத்தில் உக்குவளை மின்நிலையம் இருக்கிறது. அந்த மின்சாரம் எட்டாத வீட்டுக்கு டீவி காட்டியவர்களின் கணக்கு நம் பிள்ளைகளின் கொப்பியிலாவது இருக்கட்டும், இன்ஷா அல்லாஹ்.